சுல்மீராவின் மடி

கூர்வேலு நிறுத்தத்தில் தேங்காய் மிட்டாய் விற்கிறவள் நான். மலையிலிருந்து இறங்குகிற டிராமும் ஏறுகிற டிராமும் என் கூடைக்கு முன்னால்தான் நின்று போகும். யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள், யார் வீட்டுச் சமையல்காரி வேலையை விட்டாள், எல்லாம் என் காதுக்கு வந்துவிடும். வந்து என்ன பிரயோசனம்? நாள் முழுக்க நின்றதில் கால் வலிதான் மிச்சம். அதனால்தான் சுல்மீராவைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. என்னைவிட அதிகம் நின்றவள் அவள்.

சுல்மீரா பெரிய வீடுகளுக்குத் துணி தேய்க்கிறவள். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. சட்டைக் காலர், மேசை விரிப்பு, பாதிரியாரின் அங்கி, எது கொடுத்தாலும் தேய்ப்பாள். உட்கார்ந்துகொண்டு தேய்க்கிற வேலை இல்லை அது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாக முறுக்கிக்கொண்டு நிற்கும். வீடோ கிமரைன்ஸ் சதுக்கத்திலிருந்து படி இறங்கி, திரும்பி, மறுபடியும் படி இறங்கிப் போகிற இடத்தில். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஒரு நாள் எவனோ கூப்பிட்டான் என்று கப்பலேறித் தெற்கே போனான். போனவன் போனவன்தான். கையில் இருந்தது ஜுரேமா என்கிற பெண் குழந்தை. ஞானஸ்நானத்தில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் நான்.

ஆக, சுல்மீரா உட்காருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். டிராம் பெஞ்சு. அங்கேயாவது நிம்மதியாக உட்கார விட்டார்களா?

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. டிராமில் இடம் கிடைத்தவர்கள், ஃபுட்போர்டில் தொங்குகிறவர்களின் சாமானை மடியில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொங்குகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே. யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதில்லை. முன்பின் தெரியாதவன்கூட நீட்டுவான், முன்பின் தெரியாதவளும் வாங்கிக்கொள்வாள். நல்ல வழக்கம்தான். ஆனால் சுல்மீரா உட்கார்ந்திருக்கிற வண்டியில் மற்றவர்கள் மடியெல்லாம் காலியாகவே இருக்கும். மூட்டை முடிச்செல்லாம் தேடிக்கொண்டு அவளிடம்தான் போகும். அகலமான மடி, முகம் சுளிக்காத பொம்பளை, வேறென்ன வேண்டும்? ரொட்டிக்கூடை, செருப்புப் பெட்டி, மருந்துப் பாட்டில், ஒரு தடவை உயிரோடு ஒரு கோழி. கண்டக்டர் க்ளோவிஸ் ஃபுட்போர்டில் பக்கவாட்டாக நகர்ந்து வரும்போது, மரியாதைக்கு ஒரு தோனா போட்டு, "தோனா சுல்மீரா, சரக்கு வண்டியை இனிமே தனியா மாட்ட வேணாம்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டுடவா?" என்பான். வண்டியே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.

"ஏன்க்கா, ஒரு நாளைக்கு வேணாம்னு சொன்னா வாய் கோணிக்குமா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"அட விடு. பாவம், தொங்கிட்டு வராங்க. நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்."

சும்மாவாம். பொழுது விடிவதற்கு முன்பிருந்து நின்றவள் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் சும்மா.

இப்படித் தேய்த்துத் தேய்த்துத்தான் ஜுரேமாவைப் படிக்க வைத்தாள். மகள் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் டிராமில் ஏறினால் மலையே நிமிர்ந்து பார்க்கும். படிப்பு முடிந்தது. டிசம்பர் மாதம் பட்டமளிப்பு. கீழே நகரத்தில் ஒரு நாடக அரங்கில் விழா. பெண்கள் எல்லோரும் தரை தொடும் வெள்ளைக் கவுன் போட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஒவ்வொருத்தியாக மேடையேற வேண்டும்.

இந்த வெள்ளைக் கவுன் விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷமும் டிசம்பர் வந்தால் ஊரார் பெண்களின் வெள்ளைக் கவுனைத் தேய்த்துக் கொடுத்தவள் சுல்மீரா. கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போவாள். விழாவுக்கு யாரும் கூப்பிட்டதில்லை. இந்தத் தடவை கவுன் அவள் வீட்டுக் கவுன். ஆர்கண்டித் துணி வாங்கி, நல்ல தையல்காரியிடம் கொடுத்துத் தைத்திருந்தாள். என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"மேடையில நிக்கும்போது எம்பொண்ணு மேல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது ஜந்தீரா. துணி தேய்க்கிறவ மகதானேன்னு ஒருத்தர் வாய்ல வந்துடக் கூடாது."

அவள் வீட்டில் இருந்தது கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப்பெட்டி. எப்போது பொறி பறக்கும், எப்போது சாம்பல் விழும் என்று தெரியாது. அதனால் விழா அன்று காலை, நேவிஸ் சதுக்கத்துப் பக்கம் தான் வேலை செய்கிற வீட்டில் கேட்டு, அவர்களுடைய மின்சாரப் பெட்டியில் தேய்த்தாள். மரவள்ளி மாவுக் கஞ்சி போட்டு, ஈரம் பார்த்துத் தேய்க்க வேண்டிய துணி அது. அந்த வீட்டுத் துணி முழுவதையும் முதலில் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இதைத் தொடவே விட்டார்களாம். முந்தின இரவும் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஜுரேமா ஒத்திகைக்காகக் காலையிலேயே இறங்கிப் போய்விட்டாள். கவுனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அம்மா பொறுப்பு. வழியில் கூர்வேலுவில் நான் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. அன்று கடை போடவில்லை. இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு நின்றேன்.

நான் ஏறுவதற்கு முன்னால் நடந்ததைக் க்ளோவிஸ் பிறகு சொன்னான். சுல்மீரா நேவிஸிலேயே ஏறி, நடுப் பெஞ்சில் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டாளாம். கவுனை மெல்லிய வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் கிடத்தியிருந்தாளாம். ரொட்டிக்கடைக்காரி வழக்கம்போலக் கூடையை நீட்டியிருக்கிறாள்.

"இன்னிக்கி வேணாம்மா. எம்பொண்ணு கவுன் இருக்கு," என்றாளாம் சுல்மீரா. சொல்லும்போதே முகம் சிவந்துபோயிற்றாம்.

"பரவால்லையே, மடிக்குக்கூட மவுசு வந்துருச்சு. இனிமே டீச்சரோட அம்மா. நம்ம கூடையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கடைக்காரி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கிப் போனாள். சுல்மீரா சுற்றியிருந்த துணியின் ஓரத்தைச் சரி செய்தாளாம். அதன் பிறகு வளைவுகளில் வண்டி ஆட ஆட, வெயிலும் காற்றும் சேர்ந்து, அவள் தலை சாய்ந்துவிட்டது.

கிமரைன்ஸில் ஒனோரியோ ஏறினான். பெரிய வீட்டுத் தோட்டக்காரன். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. ஃபுட்போர்டில் தாவி ஏறினான், பார்த்தான், சுல்மீராவின் மடி இருந்தது. கையிலிருந்த காகிதப் பையை அதன் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் விழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று யார் பார்த்தார்கள்? அந்த மடியை வைத்திருப்பது ஒரு ஆள் என்பதையே மலை மறந்து வெகு நாளாயிற்று.

நான் கூர்வேலுவில் ஏறியபோது அவள் மோவாய் மார்பில் பட்டுக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் வெள்ளைத் துணி, அதன் மேல் பை. பையின் அடி நனைந்து கருத்திருந்தது.

"இது யாரோட பை?"

"என்னோடதுதான் ஜந்தீரா. கீழ எங்க அக்கா வீட்டுக்குக் கொஞ்சம் பழம் பறிச்சேன். பாத்து எடு, அடி பிஞ்சிரும்," என்றான் ஒனோரியோ, வெளியே தொங்கியபடி.

"என்ன பழம்?"

"முந்திரிப் பழம்."

முந்திரிச் சாறு துணியில் பட்டால் கறை போகாது. பையைத் தூக்கினேன், அடி கிழிந்து பழங்கள் எல்லோர் காலுக்கடியிலும் உருண்டன. அந்தச் சத்தத்தில் சுல்மீரா கண் விழித்தாள். கத்தவில்லை. சுற்றியிருந்த துணியை விலக்கினாள். கவுனின் முன்பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தண்ணி மாதிரிதானே இருக்கு தோனா சுல்மீரா. கலரே இல்ல. காஞ்சா போயிடும்," என்றான் க்ளோவிஸ்.

"இப்ப கலர் இருக்காது. காயக் காயத்தான் பழுப்பு ஏறும்."

"சோப்பு போட்டா?"

"இன்னும் கருக்கும்."

முந்திரி காய்க்கிற காலம் முடிந்தால் கறை தானாகப் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வண்டியில் யாரோ அதைச் சொன்னார்கள். விழா மத்தியானம். முந்திரிக் காலம் இன்னும் மாசக்கணக்கில் கிடக்கிறது. சொன்னவரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒனோரியோ முகம் வெளிறிப்போய் நின்றான். "எப்பவும் வைக்கிறதுதானே அக்கா. நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"தூங்குறவ எப்படிடா சொல்லுவா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். "உங்க வீட்டு மேசையா அது? ஆள் இருக்காளா, உசுரு இருக்கான்னு பாத்துட்டு வைக்க மாட்டியா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சுல்மீரா என் கையைத் தொட்டாள்.

"விடு ஜந்தீரா. பழத்தைப் பொறுக்கிக் குடு அவனுக்கு. அவங்க அக்கா காத்துட்டிருப்பாங்க."

அப்போது எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேல் இல்லை, அவள் மேல். மலையையும் நகரத்தையும் சேர்க்கிற வளைவுப் பாலத்தின் மேல் வண்டி போகும்போது கீழே ஊரெல்லாம் கொதித்துக்கொண்டு கிடந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கீழே கடைசி நிறுத்தமான கரியோக்காவில் இறங்கினோம். அரங்கு வரை நடை. கிறிஸ்துமஸ் கூட்டம், நடைபாதையில் காலை வைக்க இடமில்லை. சுல்மீரா கவுனை இரண்டு கைகளிலும் முன்னால் ஏந்திக்கொண்டு நடந்தாள். யாராவது இடித்தால் தோளைக் கொடுத்தாள், துணியைக் கொடுக்கவில்லை. செருப்பு வார் வீங்கிய காலை அறுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூலையிலும் நின்று மூச்சு வாங்கினாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன், தரவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு," என்றேன். "அவகிட்ட சொல்லாத. இப்ப ஈரம் அவ்வளவா தெரியல. வாங்கி மாட்டிக்கட்டும், மேடையேறி இறங்கட்டும். அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

சுல்மீரா நடந்துகொண்டே இருந்தாள். தெருவைத் தாண்டிக்கொண்டே சொன்னாள்.

"மேடையில நிக்கும்போது அதுவா பழுப்பேறி வரும். அப்ப அவ தனியா நிப்பா. இப்பவே தெரிஞ்சுக்கட்டும்."

அரங்கின் பின்புற அறையில் கண்ணாடிக்கு முன்னால் ஒரே வெள்ளை. அத்தனை வெள்ளைக்கு நடுவில் நீலப் பாவாடையோடு ஜுரேமா மட்டும் நின்றாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே துணியை வாங்கப் போனாள்.

சுல்மீரா கொடுக்காமல் சொன்னாள். "முந்திரிச் சாறு பட்டுடுச்சுடி. முன்னாடி. இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிய ஆரம்பிக்கும்."

"எப்படி?"

"வண்டியில. ஒனோரியோ பையை வச்சிருக்கான். அவனுக்குத் தெரியாது."

ஜுரேமா கவுனை விரித்தாள். ஈரத்தின் ஓரம் ஏற்கெனவே லேசாக மஞ்சளாகியிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிற மூட்டையெல்லாம் உன் மடியில வச்சிருந்தியேம்மா. இன்னிக்கி ஒரு நாள் என்னோடதை மட்டும் வச்சிருக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறந்தேன். ரொட்டிக்கடைக்காரியிடம் வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லலாம் என்று. சுல்மீரா முந்திக்கொண்டாள்.

"தூங்கிட்டேன்டி," என்றாள்.

அவ்வளவுதான். மணி அடித்தார்கள். ஜுரேமா திரும்பிக்கொண்டு கவுனை மாட்டிக்கொண்டாள்.

அரங்கில் எங்களுக்குக் கிடைத்தது மெத்தை வைத்த நாற்காலி. சுல்மீரா அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஜுரேமா மேடைக்கு வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. பழுப்பு நிறம், கை வைத்து அழுத்தின மாதிரி. முன் வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரு பூங்கொத்து கொடுத்திருந்தார்கள். முன்னால் பிடித்துக்கொண்டால் கறை மறைந்திருக்கும். ஜுரேமா அதைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபடி மேடை முழுவதும் நடந்தாள். அம்மா பார்க்கட்டும் என்று செய்தாளா, ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று செய்தாளா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. சுல்மீரா கைதட்டினாள். கண் மட்டும் அந்த ஒரே இடத்தில் நின்றது. கவுனில் ஒரு சுருக்கமில்லை. அதை யார் பார்த்தார்கள்?

திரும்பி வரும்போது ஜுரேமா முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். கரியோக்காவில் ஒனோரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அக்கா வீட்டிலிருந்து நேரே வந்து, எத்தனையோ வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தானாம். கறையைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என்னோடது டீச்சர்."

"உங்களோடது மட்டும் இல்ல," என்றாள் ஜுரேமா.

க்ளோவிஸ் வண்டிதான் வந்தது. வேலை விட்டு வருகிற கூட்டம். சுல்மீராவுக்கு ஒரு இடம் கிடைத்தது, வளைவுப் பாலம் ஏறுவதற்குள் தூங்கிப்போனாள். அம்மா பக்கத்தில் ஓர் ஆள் எழுந்து இடம் கொடுக்க, ஜுரேமா அங்கே உட்கார்ந்தாள். கூர்வேலுவில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்க மனசு வரவில்லை.

அந்த நிறுத்தத்தில்தான் ரொட்டிக்கடைக்காரி ஏறினாள். காலிக் கூடை. பழக்க தோஷம், கூடை சுல்மீராவின் மடியைப் பார்த்து நீண்டது. ஜுரேமா கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா தூங்குறாங்க. இப்படிக் குடுங்க."

வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கறையின் மேலேயே. அதைப் பார்த்ததும் இன்னொருவர் ஒரு பொட்டலத்தை நீட்டினார், அதையும் வாங்கினாள். பிறகு ஒரு பால் டப்பா. ஒனோரியோ மட்டும் தன் தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு தொங்கினான். அவள் முகத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது, அம்மாவின் முகத்தில் நான் தினமும் பார்க்கிற அதே களைப்பு.

கிமரைன்ஸுக்கு முன்னால் ஒரு வளைவு, தண்டவாளம் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில் சுல்மீரா விழித்தாள். முதலில் தன் மடியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பிறகு பக்கத்தில் திரும்பினாள். கூடை, பொட்டலம், டப்பா, அவற்றுக்கடியில் நசுங்கிக் கிடக்கிற ஆர்கண்டி. எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தாள்.

"எடுங்க," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"எல்லாத்தையும் எடுங்க. எம்பொண்ணு மடியிலேருந்து எடுங்க."

"அவளேதான் அக்கா வாங்கினா," என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"யார் வாங்கினா என்ன. எடுங்கன்னு சொன்னேன்."

குரலை உயர்த்தவில்லை அவள். ஆனால் நான் அவளை அறிந்த இத்தனை காலத்தில் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. க்ளோவிஸ் ஃபுட்போர்டிலேயே நின்றுவிட்டான். ரொட்டிக்கடைக்காரி கூடையை எடுத்துக்கொண்டாள். பொட்டலக்காரர் எடுத்துக்கொண்டார். பால் டப்பாவை எடுக்க வந்த ஆளுக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது, தடுமாறினான். சுல்மீரா உதவவில்லை.

"நான்தானேம்மா வாங்கினேன்," என்றாள் ஜுரேமா. "நீ தூங்கணும்னு."

"எனக்காக நீ வாங்க வேணாம்." சுல்மீரா பெண்ணின் கவுனில் நசுங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவினாள். கறையின் மேலும் கை போயிற்று, நிற்கவில்லை. "நான் சுமந்தது போதும்டி. நம்ம வீட்டுல இதோட முடியட்டும்."

ஜுரேமா அப்போதுதான் அழுதாள். க்ளோவிஸ் மணிக் கயிற்றை இழுத்தான்.